ஃபங்ஷன் எழுதப் பழகுவோம்: ஒரு நகை பில்லை வைத்துக்கொண்டு

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பலர் முதல் சில வாரங்களைத் தடையில்லாமல் கடந்துவிடுகிறார்கள். மாறி புரிகிறது, 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்பது புரிகிறது, சுழற்சியும் கொஞ்சம் திணறியபின் புரிந்துவிடுகிறது. ஃபங்ஷன் வரும்போதுதான் வகுப்பில் பாதிப்பேர் அமைதியாகிவிடுகிறார்கள். வார இறுதிகளில் கல்லூரி முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இந்த அமைதியை நன்றாகத் தெரியும். எழுதும் முறை மனப்பாடமாகியிருக்கும். எதற்காக எழுதுகிறோம் என்பதும், உள்ளே போனது எப்படி வெளியே வருகிறது என்பதும் தெரியாமல் இருக்கும்.

ஃபங்ஷன் என்பது ஒரு வேலைக்கான வரிகளை ஒரு பெயரில் கட்டிவைத்து, வேண்டும்போது அந்தப் பெயரால் அழைப்பது. பள்ளியில் தமிழ்வழியில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இது செயற்கூறு. பிளஸ் டூ பாடநூலின் முதல் பாடமே அதுதான். வகுப்பிலும் வேலையிலும் எல்லோரும் ஃபங்ஷன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இங்கே வரும் நிரல்களை எழில் மொழியில் தருகிறேன். தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி அது. 2009இல் வெளியே அறிவிக்கப்பட்டது. சொற்கள் தமிழில் இருப்பதால் கவனம் எழுத்துக்கூட்டில் சிதறாமல் கருத்தில் நிற்கும். பைத்தான் படிக்கிறவர்கள் 'நிரல்பாகம்' என்ற இடத்தில் டெஃப் என்றும், 'பின்கொடு' என்ற இடத்தில் ரிட்டர்ன் என்றும், 'பதிப்பி' என்ற இடத்தில் பிரிண்ட் என்றும் எழுதிக்கொள்ளலாம். எழிலில் ஃபங்ஷன் எங்கே முடிகிறது என்பதை 'முடி' என்ற சொல் காட்டும். பைத்தானில் அந்தச் சொல் கிடையாது. டெஃப் வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி வைத்து, அடுத்த வரிகளை உள்ளே தள்ளி எழுதவேண்டும். தள்ளல் எங்கே நிற்கிறதோ அங்கே ஃபங்ஷன் முடிந்தது. மற்றபடி யோசனை ஒன்றுதான்.

முதலில் ஃபங்ஷன் இல்லாமல் எழுதுங்கள்

நகைக்கடை பில்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் யாராவது ஒருவருக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. எடையோடு சேதாரத்தைச் சதவீதமாகச் சேர்க்கவேண்டும். அதை அன்றைய கிராம் விலையால் பெருக்கவேண்டும். வரும் தொகைமேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. செய்கூலி, கல் விலை எல்லாம் தனியாக வரும் கடைகளும் உண்டு. இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுவோம்.

ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகை. சேதாரம் 10 சதவீதம். கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; மனக்கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வைத்த எண் அது. காகிதத்தில் போட்டால், சேதாரத்தோடு எடை 8.8 கிராம். தங்கத்தின் விலை 88,000. வரி 2,640. மொத்தம் 90,640 ரூபாய்.

இந்தக் காகிதக் கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபங்ஷன் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வராதது ஃபங்ஷன் இல்லை. கணக்கே தெளிவாகாத நிலையில் நிரலைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு முறையாவது கையால் செய்து விடை தெரிந்துகொண்ட வேலையைத்தான் ஃபங்ஷனாக மாற்ற முடியும். அந்த விடை பிறகு சோதனைக்கும் உதவும்.

இப்போது அதையே நேராக எழுதுவோம்:

எடை = 8
மொத்தஎடை = எடை + எடை * 10 / 100
தங்கவிலை = மொத்தஎடை * 10000
வரி = தங்கவிலை * 3 / 100
பதிப்பி தங்கவிலை + வரி

ஓடும், 90640 என்று திரையில் வரும். அடுத்து 4 கிராம் மோதிரம் ஒன்று. சேதாரம் 12 சதவீதம். என்ன செய்வீர்கள்? மேலே உள்ள ஐந்து வரியையும் நகலெடுத்துக் கீழே ஒட்டி, எடையையும் சேதாரத்தையும் மாற்றுவீர்கள். மூன்றாவதாகச் சங்கிலி. மறுபடி நகல்.

நகலெடுப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நான் பட்டதைச் சொல்கிறேன். வெகுநாள் முன்பு ஒரு சின்னக் கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக்கொடுத்தேன். வரித்தொகையைக் கணக்கிடும் துண்டு அதில் ஏழு இடங்களில் ஒட்டப்பட்டிருந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. முந்தைய இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன் என்றுதான் நினைத்தேன். ஆறு இடங்களில்தான் மாற்றியிருந்தேன். ஏழாவது, பழைய நகையை மாற்றிப் புதிது வாங்குகிறவர்களுக்கான பில்லில் இருந்தது. நான்கு நாள் கழித்துக் கடைக்காரர் கணக்கை ஒத்துப்பார்த்தபோதுதான் தெரிந்தது. கணினி ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. தருவதற்கு அதற்குக் காரணமும் இல்லை. எழுதியது எழுதியபடி ஓடியது.

ஒரே விஷயம் நிரலில் ஓர் இடத்தில் மட்டும் இருக்கவேண்டும் என்று அதன்பின் நான் எழுதும் ஒவ்வொரு நிரலிலும் பார்த்துக்கொள்கிறேன். ஃபங்ஷன் அதற்கான கருவி.

மாறுவது எது, மாறாதது எது

நகலெடுத்த மூன்று துண்டுகளையும் அடுத்தடுத்து வைத்து, மாறும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எடை மாறுகிறது, சேதாரம் மாறுகிறது. கிராம் விலை இன்றைக்கு மாறாது, நாளைக்கு மாறும். 3 சதவீத வரி எல்லா நகைக்கும் ஒன்றுதான். பெருக்கும் முறை எப்போதும் ஒன்றுதான்.

வட்டமிட்டவை வெளியிலிருந்து வரவேண்டியவை. மற்றவை உள்ளே நிலையாக இருக்கவேண்டியவை. ஃபங்ஷனின் தலைப்பு வரி இந்த வட்டங்களிலிருந்து தானாக எழுந்து வருகிறது:

நிரல்பாகம் நகைவிலை(எடை, கிராம்விலை, சேதாரம்)
    மொத்தஎடை = எடை + எடை * சேதாரம் / 100
    தங்கவிலை = மொத்தஎடை * கிராம்விலை
    வரி = தங்கவிலை * 3 / 100
    பின்கொடு தங்கவிலை + வரி
முடி

நகைப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தரிடம் தங்கத்தையும் அளவையும் கொடுக்கிறோம். உள்ளே அவர் உருக்குவார், தட்டுவார், ஊதுவார்; அதெல்லாம் அவர் பாடு. கடைசியில் நகையை நம் கையில் தருவார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று பெயர்களும் நாம் அவரிடம் கொடுப்பவை. 'பின்கொடு' என்பது அவர் நம்மிடம் திருப்பித் தருவது. நடுவில் உள்ள வரிகள் பட்டறை.

தலைப்பில் இருக்கும் எடை, கிராம்விலை, சேதாரம் ஆகியவை பாராமீட்டர்கள், பாடநூலில் அளபுரு. அவை காலி இடங்கள். அந்த இடங்களில் உண்மையில் போய் உட்காரும் 8, 10000, 10 ஆகியவை ஆர்க்யுமென்ட்கள். தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்பார்கள். எழுதும்போது அனுபவசாலிகள்கூட இரண்டு சொல்லையும் கலந்துதான் பேசுவார்கள், அதற்காகக் குழம்ப வேண்டாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'கணக்கு' என்று பெயர் வைத்தால் எந்தக் கணக்கு என்று ஆறு மாதம் கழித்து நீங்களே கேட்பீர்கள். 'நகைவிலை' என்றால் என்ன கிடைக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்க முடியாமல் தடுமாறினால், அது இரண்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எழுதியது போதாது, அழைக்கவேண்டும்

மேலே எழுதிய ஆறு வரிகளை மட்டும் வைத்து ஓட்டினால் திரையில் ஒன்றுமே வராது. புதியவர்கள் முதலில் பயப்படும் இடம் இது. நிரல் பழுதாகவில்லை. பத்தரைப் பட்டறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். யாரும் இன்னும் தங்கம் கொண்டுபோகவில்லை. கணினி அந்த வரிகளைப் படித்து 'இப்படியொரு வேலை தெரியும்' என்று நினைவில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அழைத்தால்தான் வேலை நடக்கும்:

பதிப்பி நகைவிலை(8, 10000, 10)

90640. காகிதக் கணக்கோடு பொருந்துகிறது.

பெயரை எழுதி அடைப்புக்குறியை மறந்துவிட்டால் அழைத்ததாகாது. பைத்தானில் அடைப்புக்குறி இல்லாமல் பெயரை மட்டும் அச்சிடச் சொன்னால், விலைக்குப் பதிலாக அந்த ஃபங்ஷன் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற புரியாத ஒரு வரி வரும். அதைப் பார்த்தால் உடனே அடைப்புக்குறியைத் தேடுங்கள். ஒன்றும் வாங்காத ஃபங்ஷனுக்கும் வெற்று அடைப்புக்குறி தேவை.

காட்டுவதும் கொடுப்பதும்

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. அவசரப்படாமல் படியுங்கள். நான் பார்த்த வரையில், ஃபங்ஷன் புரியவில்லை என்கிறவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது 'பதிப்பி'க்கும் 'பின்கொடு'வுக்கும் இடையில்தான்.

பின்கொடு இருந்த இடத்தில் பதிப்பி போட்டு ஒன்று எழுதுவோம்:

நிரல்பாகம் விலைகாட்டு(எடை, கிராம்விலை, சேதாரம்)
    மொத்தஎடை = எடை + எடை * சேதாரம் / 100
    தங்கவிலை = மொத்தஎடை * கிராம்விலை
    பதிப்பி தங்கவிலை + தங்கவிலை * 3 / 100
முடி

விலைகாட்டு(8, 10000, 10)

இதுவும் 90640 என்றுதான் காட்டும். திரையைப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் குழப்பமே வருகிறது. ஆனால் இங்கே பத்தர் செய்தது வேறு. நகையைச் செய்து, ஜன்னல் வழியாகத் தூக்கிக் காட்டிவிட்டு, உள்ளேயே வைத்துக்கொண்டார். நீங்கள் பார்த்தீர்கள், உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

கையில் இல்லை என்பது எப்போது உறைக்கும் என்றால், அடுத்த வேலைக்கு அந்த எண் தேவைப்படும்போது. ஒரே வாடிக்கையாளர் மோதிரமும் சங்கிலியும் வாங்குகிறார்:

மொத்தம் = நகைவிலை(4, 10000, 12) + நகைவிலை(16, 10000, 10)
பதிப்பி மொத்தம்

மோதிரம் 46,144, சங்கிலி 1,81,280, இரண்டும் சேர்ந்து 2,27,424. முதல் அழைப்பு இருந்த இடத்தில் 46144 என்ற எண் வந்து உட்கார்ந்தது, இரண்டாவது இருந்த இடத்தில் 181280. பிறகு சாதாரணக் கூட்டல். 'பின்கொடு' என்பதன் முழுப்பொருள் இதுதான்: அழைத்த இடத்தில் அழைப்பை எடுத்துவிட்டு விடையை வைப்பது. நிரலைப் படிக்கும்போது பென்சிலை எடுத்து, அழைப்பை அடித்துவிட்டு அதன் மேலே விடையை எழுதிப் பாருங்கள். ஐந்தாறு முறை செய்தால் பழகிவிடும்.

அதே வரியில் நகைவிலைக்குப் பதிலாக விலைகாட்டு என்று போட்டால் என்ன ஆகும்? பைத்தானில் இரண்டு விலையும் திரையில் வந்துபோகும், அதன்பின் கூட்டல் வரி உடைந்து நிற்கும். பின்கொடுக்காத ஃபங்ஷன் பைத்தானில் 'நன்' என்ற வெறுமையைத் திருப்பித் தருகிறது. வெறுமையையும் வெறுமையையும் கூட்ட முடியாது என்று பிழைச்செய்தியில் 'நன்டைப்' என்ற சொல் வரும். அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் முதல் சந்தேகம் ரிட்டர்ன் விட்டுப்போயிற்றா என்பதாக இருக்கட்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. விடை சரியாக வந்து, அதன்கீழ் காரணமில்லாமல் 'நன்' என்று ஒரு வரி வந்தால், அச்சிட்டுவிட்ட ஃபங்ஷனையே மறுபடி பிரிண்டுக்குள் போட்டிருக்கிறீர்கள்.

என் யோசனை: கணக்குப் போடும் ஃபங்ஷனுக்குள் பதிப்பி வேண்டாம். கணக்கு ஓர் இடம், திரையில் காட்டுவது இன்னோர் இடம். பில் அச்சிடுவதற்கென்றே தனி ஃபங்ஷன் எழுதினால் அதில் பதிப்பி இருக்கலாம். அதன் வேலையே அதுதான். பழகும் நாட்களில் இதைக் கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கொடு இன்னொரு வேலையும் செய்கிறது. விடையைத் தருவதோடு ஓட்டத்தையும் அழைத்த இடத்துக்குத் திருப்புகிறது. இப்போது இது இயல்பாகத் தோன்றுகிறது. 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியபோது 'வந்த இடத்துக்குத் திரும்பு' என்று சொல்ல அந்த இயந்திரத்தில் கட்டளையே இல்லை. டேவிட் வீலர் ஒரு வழி கண்டுபிடித்தார். துணைநிரலுக்கு (இன்று நாம் ஃபங்ஷன் என்பதற்கு) தாவும் முன் தாவிய இடத்தின் குறிப்பைக் கையோடு எடுத்துப்போகவேண்டும். துணைநிரல் முதல் வேலையாக அந்தக் குறிப்பைக்கொண்டு தன் கடைசிக் கட்டளையைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தக் கடைசிக் கட்டளை சரியான இடத்துக்குத் திருப்பி அனுப்பும். இதற்கு வீலர் தாவல் என்றே பெயர். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் துணைநிரல்களாகச் சேமித்துவைத்து, வேண்டியவர் எடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொண்டார்கள். வீலரும் மோரிஸ் வில்க்ஸும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து 1951இல் அந்த முறையைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். நாம் ஒரே சொல்லில் 'பின்கொடு' என்று எழுதிவிட்டுப் போவதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

பிழைச்செய்தியே வராத பிழை

இப்போது இந்த அழைப்பைப் பாருங்கள்:

பதிப்பி நகைவிலை(10, 10000, 8)

எடை 8, சேதாரம் 10 என்று கொடுக்க நினைத்தவர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். கணினி முகம் சுளிக்காமல் 111240 என்கிறது. 10 கிராம் நகைக்கு 8 சதவீதச் சேதாரம் என்று எடுத்துக்கொண்டு சரியாகவே கணக்குப் போட்டது. அதற்கு எடை என்ற சொல்லின் பொருள் தெரியாது. முதலில் வந்தது முதல் இடத்தில், இரண்டாவது இரண்டாம் இடத்தில், அவ்வளவே தெரியும். வாடிக்கையாளருக்கு 20,600 ரூபாய் அதிகம்.

பைத்தானில் இதற்குத் தடுப்பு இருக்கிறது. அழைக்கும்போதே எடை=8, கிராம்விலை=10000, சேதாரம்=10 என்று பெயரோடு கொடுக்கலாம்; வரிசை மாறினாலும் கெடுதல் இல்லை. மூன்றும் எண்களாக இருக்கும் ஃபங்ஷன்களில் பெயரோடு கொடுப்பதையே நான் விரும்புகிறேன். தட்டச்சு கொஞ்சம் கூடும், பிறகு தேடுவது வெகுவாகக் குறையும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் கணினியே தடுக்கும்: மூன்று கேட்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு கொடுத்தால் பைத்தான் எந்தப் பெயர் விட்டுப்போயிற்று என்றுகூடச் சொல்லும்.

ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறை செய்கிற இன்னொன்று:

நகைவிலை = நகைவிலை(8, 10000, 10)

முதல் முறை ஒழுங்காக ஓடும். ஆனால் அந்த நொடியில் நகைவிலை என்ற பெயர் ஃபங்ஷனை விட்டுவிட்டு ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வரியில் மறுபடி அழைத்தால் பைத்தான் 'நாட் காலபிள்' என்று முடியும் ஒரு செய்தியைத் தரும். எண்ணை எப்படி அழைப்பது என்று கேட்கிறது. விடையை வாங்கிவைக்கும் மாறிக்கு வேறு பெயர் கொடுங்கள்.

பட்டறைக்குள் இருப்பது பட்டறைக்குள்தான்

ஃபங்ஷனுக்குள் மொத்தஎடை, தங்கவிலை, வரி என்று மூன்று மாறிகள் பிறந்தன. வெளியே வந்து 'பதிப்பி வரி' என்றால் அப்படியொரு பெயரே தெரியாது என்ற பிழை வரும். அழைப்பு முடிந்ததும் அவை போய்விட்டன. அடுத்த அழைப்பில் புதிதாகப் பிறக்கும்.

முதலில் இது தொந்தரவாகத் தோன்றும். உண்மையில் பெரிய பாதுகாப்பு. உங்கள் நிரலில் வேறெங்கோ 'வரி' என்ற மாறியில் வீட்டுவரியை வைத்திருக்கலாம். நகைவிலையை அழைத்ததால் அது மாறிவிடாது. பத்தரின் சுத்தியல் உங்கள் வீட்டுச் சுத்தியலைத் தொடுவதில்லை. வரித்தொகையும் வெளியே வேண்டுமானால், அதைத் தனி ஃபங்ஷனாக்கிப் பின்கொடுக்கச் செய்யவேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வழுக்கல் உண்டு. கிராம் விலையைப் பாராமீட்டராக வாங்காமல், வெளியே எங்கோ எழுதிவைத்த மாறியை ஃபங்ஷன் உள்ளிருந்து எட்டிப் படிக்கும்படி எழுதலாம். பைத்தான் அனுமதிக்கும். ஆனால் அப்படி எழுதிய ஃபங்ஷனின் தலைப்பைப் பார்த்தால் அதற்கு என்ன தேவை என்பது தெரியாது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று தங்கம் மாறும் நாளில், எந்த வேளை விலையை எடுத்தது என்று நிரல் முழுக்கத் தேடவேண்டியிருக்கும். தேவையானதெல்லாம் வாசல் வழியாக வரட்டும்.

ஒன்றை இன்னொன்று அழைக்கட்டும்

வரிக் கணக்கு நகைவிலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளிப் பொருளுக்கும் அதே 3 சதவீதம்தான். அதற்காக இன்னொரு ஃபங்ஷன் எழுதினால், நான் சொன்ன அந்த ஏழாவது இடம் மறுபடி முளைக்கும். பிரிப்போம்:

நிரல்பாகம் வரியோடு(தொகை)
    பின்கொடு தொகை + தொகை * 3 / 100
முடி

நிரல்பாகம் சேதாரத்தோடு(எடை, சேதாரம்)
    பின்கொடு எடை + எடை * சேதாரம் / 100
முடி

நிரல்பாகம் நகைவிலை(எடை, கிராம்விலை, சேதாரம்)
    தங்கவிலை = சேதாரத்தோடு(எடை, சேதாரம்) * கிராம்விலை
    பின்கொடு வரியோடு(தங்கவிலை)
முடி

கடைசி ஃபங்ஷனை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கணக்கு தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்வதுபோலவே இருக்கிறது: சேதாரத்தோடு எடையைப் போட்டு, கிராம் விலையால் பெருக்கி, வரியோடு கொடு. வரி விகிதம் மாறினால் ஒரே வரியில் மாற்றம்.

நகைவிலையை வெளியே எப்படி அழைத்தோமோ அப்படியே அழைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். உள்ளே மூன்றாகப் பிரித்தது அழைக்கிறவருக்குத் தெரியவேண்டியதே இல்லை.

ஓட்டம் எப்படிப் போகிறது என்று ஒரு காகிதத்தில் வரையுங்கள். நகைவிலை தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது. 'சேதாரத்தோடு' ஓடி 8.8 தருகிறது, நகைவிலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, மறுபடி நிற்கிறது, 'வரியோடு' ஓடி 90640 தருகிறது, நகைவிலை அதையே வெளியே தருகிறது. கணினியும் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் நினைவில் வைக்கிறது. பைத்தானில் பிழை வரும்போது 'ட்ரேஸ்பேக்' என்ற தலைப்பில் ஐந்தாறு வரி கொட்டுமே, அது அந்த அடுக்குதான். அதைக் கண்டு மூடிவிடாதீர்கள். கடைசி வரியில் என்ன பிழை என்று இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் உடைந்தது என்று இருக்கும். இன்னும் மேலே போகப்போக, அதை யார் அழைத்தார்கள் என்று தெரியும். கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும்.

எவ்வளவு தூரம் பிரிப்பது? இரண்டு எண்ணைக் கூட்டுவதற்கு ஒரு ஃபங்ஷன் தேவையில்லை. ஒரு துண்டுக்கு ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் அது ஃபங்ஷனாகத் தகுதியுள்ளது என்பது என் அளவுகோல். சேதாரம், வரி, மொத்த விலை மூன்றுக்கும் கடையில் பெயர் இருக்கிறது.

விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள்

ஃபங்ஷன் எழுதியதும் அதைச் சோதிக்க மிக எளிய வழி, விடை முன்பே தெரிந்த கேள்விகளைக் கொடுப்பது. நகைவிலைக்கு எடை 0 கொடுத்தால் 0 வரவேண்டும். 8 கிராமுக்குச் சேதாரம் 0 கொடுத்தால் 82,400 வரவேண்டும். ஓரங்களில் இருக்கும் இந்த மாதிரி எண்கள் பிழையைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

தசமத்தில் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். உங்கள் ஃபங்ஷனில் தவறில்லை. கணினி தசமங்களை இரும எண்களாக வைத்துக்கொள்வதால், 0.1 போன்றவை துல்லியமாக அடங்குவதில்லை. அதனால் தசம விடை சரிதானா என்று பார்க்கும்போது அச்சு அசலாகச் சமமா என்று கேட்காமல், வித்தியாசம் ஒரு பைசாவுக்கும் குறைவா என்று கேளுங்கள்.

சோதனையின் அருமையை உணர இன்னொரு ஃபங்ஷன். லீப் ஆண்டா இல்லையா என்று சொல்லவேண்டும். நான்கால் வகுபட்டால் லீப் என்றுதான் பலரும் எழுதுவார்கள். கிரிகோரியன் நாட்காட்டி விதி இன்னும் கொஞ்சம் நீளம்: 100ஆல் வகுபடும் ஆண்டு லீப் அல்ல, அதிலும் 400ஆல் வகுபட்டால் லீப்.

நிரல்பாகம் லீப்ஆண்டா(ஆண்டு)
    @( ஆண்டு % 400 == 0 ) ஆனால்
        பின்கொடு 1
    முடி
    @( ஆண்டு % 100 == 0 ) ஆனால்
        பின்கொடு 0
    முடி
    @( ஆண்டு % 4 == 0 ) ஆனால்
        பின்கொடு 1
    முடி
    பின்கொடு 0
முடி

'@( ) ஆனால்' என்பது எழிலில் 'இப்படி இருந்தால்' என்று கேட்பது; அதற்கும் ஒரு 'முடி' உண்டு. சதவீதக் குறி இங்கே மீதியைத் தருகிறது. 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை. ஒரே ஃபங்ஷனில் நான்கு பின்கொடு இருக்கிறது. எது முதலில் கிடைக்கிறதோ அதோடு ஃபங்ஷன் முடிந்துவிடும், கீழே உள்ள வரிகளைக் கணினி தொடாது. அதனால்தான் 400 கேள்வி முதலில் வருகிறது. முதல் இரண்டு கேள்விகளையும் இடம் மாற்றினால் 2000ஆம் ஆண்டு தவறாகிவிடும்.

2024 கொடுத்தால் 1, 2023 கொடுத்தால் 0. இந்த இரண்டோடு நிறுத்தினால், நான்கால் மட்டும் வகுத்துப் பார்க்கும் தவறான ஃபங்ஷனும் தேறிவிடும். 1900 கொடுத்துப் பாருங்கள், 0 வரவேண்டும். 2000க்கு 1. இந்த நான்கையும் ஃபங்ஷனுக்குக் கீழேயே எழுதிவைத்து, எதையாவது திருத்தும்போதெல்லாம் மறுபடி ஓட்டுங்கள்.

நாளைக்குச் செய்து பார்க்க ஒன்று

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர். சென்னைப் பக்கம் சொல்லும் கிரவுண்ட் 2,400 சதுர அடி. நீளத்தையும் அகலத்தையும் அடியில் வாங்கிப் பரப்பைத் தரும் ஒரு ஃபங்ஷன், சதுர அடியைச் சென்ட்டாக்கும் ஒன்று, கிரவுண்டாக்கும் ஒன்று, ஏக்கரைச் சதுர அடியாக்கும் ஒன்று. எதிலும் பதிப்பி இருக்கக்கூடாது. பிறகு அவற்றை ஒன்றோடொன்று கோத்து, 60க்கு 40 மனை எத்தனை சென்ட் என்று கேளுங்கள். நிரலைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் போட்டுவிடுங்கள். கிரவுண்டில் சரியாக 1 வரவேண்டும், சென்ட்டில் ஐந்தரைக்குச் சற்று மேல்.